கப்பல் இல்லாத தகடு

பதினான்காம் தகடு காலை ஒன்பதே காலுக்குக் கிரேனில் ஏறியது. ஒன்பதே முக்காலுக்கு அதைக் கப்பலின் விலாவோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தார்கள். அது பொருந்தவில்லை.

மேல் மூலை ஒழுங்காகப் போய் உட்கார்ந்தது. கீழ் மூலை மட்டும் கப்பலோடு கோபித்துக்கொண்டது போல ஒரு முழம் விலகி நின்றது. "உள்ள தள்ளு, உள்ள தள்ளு" என்று மேஸ்திரி கத்தினார். தள்ளினார்கள். கீழ் மூலை உட்கார்ந்தது, மேல் மூலை வெளியே வந்துவிட்டது. சட்டையில் பொத்தான் மாறிப்போனால் அவிழ்த்துத் திரும்பப் போட்டுக்கொள்ளலாம். இது நாற்பது மில்லிமீட்டர் கனமும் ஆறு டன் எடையும் உள்ள எஃகு. அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டு மேஸ்திரி தலைக்கவசத்தைக் கழற்றித் தலையைச் சொறிந்தார். கீழே நின்றிருந்த வலதுக்காரரைப் பார்த்தார்.

"அண்ணே, இது அந்தப் பக்கத்துத் தகடு மாதிரில்ல இருக்கு?"

"எந்தப் பக்கம்?"

"எதிர்ப்பக்கம். ஆனா இந்தக் கப்பலுக்கு எதிர்ப்பக்கம் இப்படிக் கிடையாதே."

வலதுக்காரர் முகத்தில் ஈயாடவில்லை. கையிலிருந்த டீ டம்ளர் எப்போது கீழே விழுந்தது என்று அவருக்குத் தெரியாது. அந்தத் தகட்டை வளைத்தவர் அவர்தான். முப்பத்தொரு வருஷத்தில் அவர் வளைத்த ஒரு தகடுகூடத் திரும்பி வந்ததில்லை.

வலதுக்காரர் என்பது பெற்றவர்கள் வைத்த பெயரல்ல, கப்பல் கட்டும் தளம் வைத்த பெயர். கப்பலுக்கு இடது, வலது என்று இரண்டு பக்கம். ஒரு பக்கத்துக்கு மட்டும் படம் வரைவார்கள், மறுபக்கம் கண்ணாடியில் பார்த்தது போல அதுவேதான். ஆகவே தகடுகளை ஜோடி ஜோடியாக வளைப்பார்கள். இடப்பக்கத் தகட்டை வளைத்தவர் அவருடைய அக்காவின் கணவர். அவர் இடதுக்காரர். வலப்பக்கத்தை வளைத்தவர் இவர். அக்காவைக் கட்டிக்கொண்ட கையோடு, வேலையில்லாமல் சுற்றித் திரிந்த மச்சினனையும் இழுத்துக்கொண்டு வந்து, தான் அப்போதுதான் சேர்ந்திருந்த தளத்தில் சேர்த்துவிட்டது மச்சான்தான். அப்போது இவருக்கு இருபத்திரண்டு வயது.

வளைப்பது என்றதும் சம்மட்டியும் கையுமாக ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். அங்கே சத்தமே கிடையாது. தகட்டின் மேல் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போடுவார்கள். அந்தக் கோட்டின் மேல் வாயு நெருப்பை மெல்ல நகர்த்திக்கொண்டு போவார்கள். நெருப்புக்குப் பின்னாலேயே குழாய்த் தண்ணீர் வரும். சுட்ட இடம் குளிரும்போது எஃகு தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும், மயிரிழை அளவு. இப்படி நூறு கோடு, இருநூறு கோடு. போதுமான அளவு வளைந்ததா என்று பார்க்க ஏழு அளவுப்பலகைகள் உண்டு. ஒட்டுப்பலகையை அடியில் வளைவாக அறுத்து, அதற்கென்றே தளத்தில் இருக்கிற ஒரு அம்மா செய்து கொடுப்பவை. தகட்டின் மேல் அவற்றை நிறுத்தி, அடியில் வெளிச்சம் தெரியாவிட்டால் வேலை முடிந்தது.

எந்தப் பலகை எந்த இடத்தில், எந்தப் பக்கம் பார்த்து நிற்க வேண்டும் என்பதைப் படத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கேதான் விஷயம் இருக்கிறது. வலதுக்காரருக்குப் படம் படிக்கத் தெரியாது.

எழுத்து தெரியும், எண் தெரியும். பத்திரிகையில் விளம்பரம்வரை படிப்பார். ஆனால் கப்பல் படத்தை விரித்தால் கோடுகள் காகிதத்தோடு ஒட்டிக்கொண்டு கிடக்கும். மற்றவர்களுக்கு அவை எழுந்து நின்று உருவம் காட்டுமாம். இவருக்கு ஒரு நாளும் எழுந்ததில்லை. முதல் வாரத்திலேயே அதைச் சொல்லியிருக்கலாம். வெட்கம் விடவில்லை. மச்சான் பக்கத்து மேடையில் பலகைகளை நிறுத்துவார். இவர் ஓரக்கண்ணால் பார்த்து அதையே மாற்றி நிறுத்துவார். அவர் இடது கையை நீட்டினால் இவர் வலது கையை நீட்டுவார். கண்ணாடிக்குத் தனியாகப் படிப்பு எதற்கு? ஆனால் நெருப்பைக் கையில் பிடித்துவிட்டால் அவர் வேறு ஆள். உள்ளங்கையால் தடவியே அரை மில்லிமீட்டர் மேடு பள்ளம் சொல்லிவிடுவார். எஃகு எந்தக் கணத்தில் மங்கிய சிவப்பிலிருந்து பளிச்சென்ற சிவப்புக்குத் தாவும் என்பது அதற்குத் தெரியும் முன்பே இவருக்குத் தெரியும்.

இந்த ரகசியம் மனைவிக்கும் தெரியாது. ஒருமுறை, வீட்டில் நாமே பொருத்த வேண்டிய அலமாரி ஒன்றை வாங்கினார்கள், பெட்டிக்குள் படத்தோடு. இவர் படத்தை மடித்து வைத்துவிட்டு, எதிர்வீட்டுக்குப் போய் அங்கிருந்த அதே மாதிரி அலமாரியைப் பார்த்துவிட்டு வந்து பொருத்தினார். கதவு மாறிப்போய், திறக்கும்போதெல்லாம் சுவரில் இடித்தது. "ஊருக்கே கப்பல் கட்டுறவருக்கு வீட்டுல ஒரு கதவை மாட்டத் தெரியல" என்று மனைவி இன்றுவரை சொல்லிக்காட்டுகிறாள். அந்தக் கதவு அவரை அப்போதே காட்டிக்கொடுத்துவிட்டது. பார்க்கத்தான் ஆளில்லை.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் தளத்துச் சாப்பாட்டுக்கூடத்தில் ஒரு நாள் மச்சான் சிரித்துக்கொண்டே சொன்னார்: "அவன் என்ன, நான் தும்மினா அவன் மூக்கத் துடைப்பான்." அறுபது பேர் சிரித்தார்கள். வலதுக்காரர் தட்டை வைத்துவிட்டு எழுந்து போனவர்தான், அன்றோடு மச்சானிடம் பேச்சை நிறுத்திவிட்டார். இதற்குப் போய் இவ்வளவு கோபமா என்று எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள். மனுஷனுக்கு வலித்தது கேலியல்ல. அது உண்மை என்பதுதான் வலித்தது. மச்சான் தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா? பதினொரு வருஷமாக அந்த ஒரு கேள்வி முள்ளாகத் தைத்துக்கொண்டே இருந்தது. கேட்கவும் முடியாது. திருடனுக்குத் தேள் கொட்டிய கதை.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. இரண்டு மேடையும் ஆறடி இடைவெளியில் இருந்தன. மச்சான் பலகை நிறுத்துவார், இவர் மாற்றி நிறுத்துவார். இருவரும் ஒன்றாக நெருப்பை நகர்த்துவார்கள். இடையில் ஒரு சத்தம் மட்டும் உண்டு. வலதுக்காரருக்கு நெருப்பைப் பிடித்தால் ஏதோ ஒரு மெட்டை மூக்கால் முனகுகிற பழக்கம். பாட்டு என்று சொல்ல முடியாது, சுருதி என்ற பேச்சே இல்லை. அக்காதான் இரண்டு வீட்டுக்கும் நடுவே தூது போய் அலுத்தாள்.

அப்போதுதான் அந்தக் கப்பலைக் கட்டும் வேலை வந்தது.

பனி மூடிய கடலில் போகிற மீட்புக் கப்பல். பனியை உடைக்க வேண்டும், மாட்டிக்கொண்ட கப்பலை இழுத்து வர வேண்டும், எரிகிற கப்பலை அணைக்க வேண்டும், முத்துக்குளிப்பவர்களைப் போல ஆட்களைக் கீழே இறக்க வேண்டும், கொட்டிய எண்ணெயை அள்ள வேண்டும். ஒரு மருமகளுக்கு இத்தனை வேலை சொன்னால் அவள் பெட்டியைக் கட்டிவிடுவாள். அதோடு இன்னொரு கூத்து. கப்பல் சின்னது, அது போடும் பாதையில் வர வேண்டிய கப்பல்களோ பெரியவை. ஆகவே இது தேவைப்பட்டால் நேராகப் போகாமல் உடம்பைக் குறுக்கே வைத்து, பக்கவாட்டில் பனியை நெருக்கிக்கொண்டு போகும். அதற்காக ஒரு பக்கம் செங்குத்து. மறுபக்கம் சரிந்து புடைத்திருக்கும், பல்வலியில் கன்னம் வீங்கிய மாதிரி. தளத்தில் எல்லோரும் அதைப் பல்வலி என்றே கூப்பிட்டார்கள்.

மேலாளர் கூட்டம் போட்டு விளக்கினார். "இதுல ஜோடி கிடையாது. வீங்கின பக்கம் இருபத்தாறு தகடு, ஒவ்வொண்ணும் தனி. இன்னொண்ணு, இது குளிருக்குன்னே செஞ்ச எஃகு. மங்கின சிவப்பு தாண்டக் கூடாது. ஒரு தடவ அதிகமாச் சூடாச்சுன்னா வெளிய ஒண்ணும் தெரியாது, பனியில போய்க் கண்ணாடி மாதிரி உடையும். உள்ள நாப்பது பேரு இருப்பாங்க."

ஒற்றை எண் தகடுகள் இடதுக்காரருக்கு, இரட்டை எண் வலதுக்காரருக்கு என்று பிரித்தார்கள். வலதுக்காரர் தன் மேடைக்குப் போய்ப் பக்கத்து மேடையைப் பார்த்தார். கண்ணாடிக்கு எதிரே ஆள் இல்லை.

இரண்டாம் தகட்டின் முன்னால் போய் நின்றபோது அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது. தகட்டின் மேல் ஏழு இடங்களில் சின்னதாகப் பெருக்கல் குறி, பக்கத்தில் ஓர் அம்புக்குறி. எந்தப் பலகை எங்கே, எந்தப் பக்கம் பார்த்து என்று குழந்தைக்குக்கூடப் புரியும். பலகை செய்கிற அம்மா போட்டிருப்பாள் என்று நினைத்துக்கொண்டார். நன்றி சொல்லப் போனால் குட்டு வெளிப்படும் என்று பேசாமல் இருந்துவிட்டார். நான்குக்கும் குறி இருந்தது. பன்னிரண்டுவரை இருந்தது. ஆறு தகடும் போய்க் கச்சிதமாக உட்கார்ந்தன.

பதின்மூன்றாம் தகட்டுக்குப் பலகைகளை நிறுத்திவிட்டு இடதுக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அப்படியே சாய்ந்தார். குடல்வால் வெடித்துவிட்டது. ஆம்புலன்ஸில் ஏற்றியபோது வலதுக்காரர் வாசல்வரை ஓடினார். வண்டிக் கதவு சாத்தியதும் திரும்பி வந்துவிட்டார்.

பதினான்காம் தகட்டில் குறி இல்லை. ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தார். மறுநாளும் இல்லை. மேஸ்திரி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்து மேடையில் பதின்மூன்று அப்படியே கிடந்தது, ஏழு பலகையும் நின்றபடி. பக்கத்துத் தகடுதானே, அதே போலத்தான் இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு, அதைப் பார்த்துப் பார்த்துத் தன் பலகைகளை நிறுத்தினார். அதே போல நிறுத்தத்தான் நினைத்தார். கை நினைக்கவில்லை. முப்பத்தொரு வருஷமாக எதை மாற்றி வைத்ததோ அதையே மாற்றி வைத்தது. எட்ட நின்று பார்த்தபோது கண்ணுக்கும் சரியாகத்தான் பட்டது. பதினாறு நாள் நெருப்புப் பிடித்தார். சோதனை செய்கிறவர் வந்து பலகைக்கு அடியில் விளக்குப் பிடித்தார், வெளிச்சம் தெரியவில்லை, முத்திரை குத்தினார். வழக்கப்படி பலகைகளை உடைத்து அடுத்த வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

இதுதான் அந்தக் காலை ஒன்பதே முக்காலுக்கு முன்பு நடந்தது.

அந்தத் தகட்டைத் திருப்பி வளைக்க முடியாது. அந்த எஃகு இரண்டாவது சூட்டைத் தாங்காது. புதுத் தகடு வரப் பதினொரு வாரம். கடல் உறைவதற்குள் கப்பல் போய்ச் சேருமா என்பதே சந்தேகமாகிவிட்டது. மேலாளர் கணக்காக யோசித்தார்: தகடு பலகையோடு பொருந்தியிருக்கிறது, கப்பலோடு பொருந்தவில்லை. அப்படியானால் பலகைதான் தப்பு. வலதுக்காரர் கையில் தப்பு வராது என்பது ஊரறிந்த விஷயம். பலகை செய்கிற அம்மாவைக் கூப்பிட்டார்.

"என் பலகை மாறாது சார். பத்தொம்பது வருஷமா செய்யறேன்."

"காட்டுங்க."

காட்ட என்ன இருக்கிறது? உடைத்தாகிவிட்டது. வெள்ளிக்கிழமை பத்து மணிக்கு விசாரணை, அதுவரை அவள் வேலைக்கு வர வேண்டாம், தப்பு அவளுடையது என்று முடிவானால் பிறகு வரவே வேண்டாம் என்று சொன்னார்கள். பையை எடுத்துக்கொண்டு அவள் வலதுக்காரரின் மேடையைக் கடந்து போனாள். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க, நான் மாத்தி அறுப்பேனா?" என்று கேட்டாள். அவர் தரையைப் பார்த்தார்.

இந்த இடத்தில் அந்த மனுஷனை நாலு கேள்வி கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்ல நாக்கு என்ன ஒட்டிக்கொண்டதா? ஆனால் ஒட்டிக்கொள்ளத்தான் செய்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தே முப்பத்தொரு வருஷம் ஓட்டியவர். செவ்வாய் போயிற்று, புதன் போயிற்று.

வியாழக்கிழமை மத்தியானம் அக்கா வந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வந்திருந்தாள். செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"ஏன்டா, உங்க ரெண்டு பேருக்கும் நடுவுல என்னடா நடக்குது? மயக்கம் தெளிஞ்சதும் மனுஷன் என்னைக் கேக்கல, பிள்ளைங்களைக் கேக்கல. 'பதினாலுக்கு யாராச்சும் குறி போட்டாங்களா'ன்னு கேட்டாரு. சீழ் பிடிச்சு மூணு வாரமா ஜுரம், ஜுர வேகத்துல உளறுறாருன்னு விட்டுட்டேன். இன்னைக்கு ஜுரமே இல்ல, திரும்பவும் அதையேதான் கேக்குறாரு. சுண்ணாம்புக் கட்டி இருக்கான்னு நர்ஸ்கிட்ட கேட்டிருக்காரு!"

வலதுக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தார், உட்கார்ந்த இடத்தில் நாற்காலி இருந்தது அதிர்ஷ்டம். குறி போட்டது பலகை அம்மா அல்ல. பேச்சு வார்த்தை இல்லாத மச்சான், பதினொரு வருஷம் இவர் முகம் கொடுக்காத மச்சான், மற்றவர்கள் வருவதற்கு முன் வந்து இவர் தகட்டின் மேல் குனிந்திருக்கிறார்.

சாயங்காலம் பார்வையாளர் நேரத்தில் போனார். மச்சான் பாதியாக இளைத்துப் படுத்திருந்தார்.

"உக்காரு மாப்ளே" என்றார், நேற்றுத்தான் பேசிவிட்டுப் போனது போல.

வலதுக்காரர் நின்றுகொண்டே கேட்டார். "எப்பத் தெரியும் மச்சான்?"

"ரெண்டாவது கப்பல்லயே. ஒரு நா நான் தப்பா ஒரு பலகைய வச்சேன். நீயும் அதே தப்பை மாத்தி வச்ச. படம் தெரிஞ்சவன் வைக்க மாட்டான்."

"அப்ப முப்பது வருஷமா தெரியும். ஏன் சொல்லல?"

"சொன்னா நீ வேலைய விட்டுப் போயிருப்ப. நீ போனா நான் என்ன பண்ணுவேன்?"

வலதுக்காரருக்குப் புரியவில்லை. மச்சான் கதவுப்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"எனக்குச் சிவப்பு தெரியாது மாப்ளே. பிறவியிலேயே. சூடான இரும்பு எனக்குக் கறுப்பாத்தான் தெரியும். பளிச்சுன்னு ஆனப்புறம்தான் கொஞ்சம் தெரியும், அப்ப காரியம் கெட்டுப்போயிருக்கும்."

"அப்ப... எப்படி?"

"நீ முனகுவியே. நீ எவ்வளவு வேகத்துல முனகுறியோ அவ்வளவு வேகத்துல நான் நகர்த்துவேன். நீ நிறுத்தினா நானும் நிறுத்துவேன்."

வலதுக்காரர் அப்போதுதான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சாப்பாட்டுக்கூடத்தில் ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கடைசியில் கேட்டேவிட்டார்.

"அன்னைக்கு எல்லாருக்கும் கண் சோதனைன்னு நோட்டீஸ் ஒட்டியிருந்தான். பயத்துல எனக்கு என்ன பேசுறோம்னே தெரியல. யாரோ உன்னைப் பத்தி என்னமோ கேட்டான், வாய்க்கு வந்ததைச் சொல்லிட்டேன். சோதனை அன்னைக்கு லீவு போட்டேன்." கொஞ்சம் மூச்சு வாங்கினார். "உன் விஷயத்தை நீ என்ன வேணா பண்ணிக்க. என் விஷயம் உன்னோட இருக்கட்டும். இன்னும் ரெண்டு வருஷம், முடிஞ்சுது."

"இருக்கட்டும் மச்சான்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை பத்து மணி. நீள மேசை. மேலாளர், மேஸ்திரி, சோதனை செய்கிறவர். எதிரே பலகை அம்மா, மூன்று நாள் தூங்காத கண்ணோடு. மேலாளர் ஆரம்பிக்கும் முன் வலதுக்காரர் எழுந்து நின்றார்.

"சார், பலகை மேல தப்பில்ல. நான்தான் மாத்தி வச்சேன். எனக்குப் படம் படிக்கத் தெரியாது."

"அந்தப் படத்தையா?"

"எந்தப் படத்தையும்."

மேஸ்திரி வாய் பிளந்தபடி இருந்தார். மேலாளர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். "முப்பத்தொரு வருஷமா?" என்று மெதுவாகக் கேட்டார். வலதுக்காரர் தலையை ஆட்டினார்.

பலகை அம்மா நன்றி சொல்வாள் என்று யாராவது எதிர்பார்த்திருந்தால் ஏமாந்திருப்பார்கள். "செவ்வாக்கிழமை இதே வாய் எங்க போச்சு?" என்று கேட்டாள். "மூணு நாளா என் பலகையையே நான் சந்தேகப்பட்டேன். கண்ண மூடினா பலகை மாறி மாறி நிக்குது. என் கையையே எனக்குப் பிடிக்காமப் போச்சு. தெரிஞ்சுக்கிட்டே பாத்துக்கிட்டு இருந்தீங்க இல்ல?"

வலதுக்காரர் அவள் பக்கம் திரும்பிக் கையைக் கூப்பினார்.

மேலாளர் கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார். "சரி. நீங்க இனிமே நெருப்பைத் தொட வேண்டாம். மிச்சம் இருக்குற பதினாலு தகட்டையும் உங்க மச்சானே வந்து செய்யட்டும். அவராச்சும் படம் தெரிஞ்சவர்."

வலதுக்காரருக்கு இடி விழுந்தது போல் ஆயிற்று. தன் வேலை போனதற்காக அல்ல, அதற்கு அவர் தயாராகத்தான் வந்திருந்தார். பக்கத்தில் முனகல் இல்லாமல், சிவப்பு தெரியாத ஒருவர், சிவப்பு தாண்டக் கூடாத எஃகின் மேல் தனியாக நெருப்பை நகர்த்தப் போகிறார். வெளியே ஒன்றும் தெரியாது. பனிக்குள் போன பிறகு தெரியும். உள்ளே நாற்பது பேர்.

"வேண்டாம் சார்."

"ஏன்?"

நேற்றுச் சாயங்காலம் கொடுத்த வாக்கு குறுக்கே நின்றது. சொன்னால் மச்சானுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் முகம் தெரியாத நாற்பது பேருக்குத் துரோகம். மேலாளரின் கைபேசியைக் காட்டினார்.

"அவரையே கேளுங்க சார். தனியா நெருப்புப் பிடிப்பீங்களான்னு ஒரு வார்த்தை கேளுங்க."

மேலாளர் கைபேசியை மேசை நடுவில் வைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி அழைத்தார். அக்கா எடுத்து அவரிடம் கொடுத்தாள். கேள்வியைக் கேட்டார்கள். மறுமுனையில் ஆஸ்பத்திரி வண்டியின் சக்கரம் எங்கோ கிறீச்சிட்டது.

"என் மாப்ள ஏதாச்சும் சொன்னானா?"

"இல்ல. உங்களையே கேக்கச் சொன்னார்."

"அப்படியா." பிறகு பெருமூச்சா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். "எனக்குச் சிவப்பு தெரியாது சார். அவன் பக்கத்துல இல்லாம நான் ஒரு தகட்டையும் சுட்டதில்ல."

தளத்தின் மிகச் சிறந்த இரண்டு வளைப்புக்காரர்களில் ஒருவருக்குப் படம் தெரியாது, இன்னொருவருக்கு நெருப்பு தெரியாது. இவர்களை நம்பி முப்பத்தொரு வருஷம் கப்பல்கள் கடலில் இறங்கியிருக்கின்றன. மேலாளர் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார்.

இடதுக்காரர் சுட்ட ஆறு தகட்டின் ஓரத்திலிருந்தும் துண்டு வெட்டி, குளிரவைத்து, சுத்தியால் அடித்து உடைத்துப் பார்த்தார்கள். ஒன்பது நாள் ஆயிற்று. அந்த ஒன்பது நாளும் இரண்டு வீட்டிலும் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. ஆறும் நல்ல எஃகு. ஒன்றுகூடச் சிவப்பைத் தாண்டவில்லை.

மேலாளர் இருவரையும் கூப்பிட்டார். ஒரு மேடை, ஒரு தகடு, ஒருவர் பலகை நிறுத்துவார், ஒருவர் நெருப்புப் பிடிப்பார், சூடு அளக்க ஒரு ஆள் கூடவே நிற்பார் என்றார். "இது மன்னிப்பு இல்ல. வேற ஆள் இல்ல, அவ்வளவுதான்" என்று முகத்தைப் பார்க்காமலே சொன்னார்.

பதினொரு வாரம் கழித்துப் புதுத் தகடு வந்தது. டாக்டர் அனுமதித்து இடதுக்காரரும் அன்றுதான் வேலைக்குத் திரும்பினார், மற்ற தகடுகளும் அதுவரை காத்துக்கிடந்தன. பலகை அம்மா புதிதாக ஏழு பலகை அறுத்துக் கொண்டுவந்து வைத்தாள். ஒவ்வொன்றிலும் இடம், திசை, எண் எல்லாம் விரல் பருமனில் சிவப்பு மையில் எழுதியிருந்தாள். எழுதி முடித்த பிறகு இடதுக்காரர் ஞாபகம் வந்து, மேலேயே நீல மையில் இன்னொரு தடவை எழுதினாளாம். வலதுக்காரரிடம் அவள் இன்னும் பேசவில்லை.

இடதுக்காரர் மேடைக்கு வருவதற்கு முன் சுவரோரம் சாய்த்து வைத்திருந்த பழைய பதினான்கிடம் போனார். ஏழு பலகையையும் எடுத்து, மாற்றி, எதிர்ப்பக்கமாக ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். அடியில் விளக்கடித்தார்.

"மாப்ளே, மயிரிழை வெளிச்சம் போகல. நீ போட்டதுலயே நல்ல தகடு இதுதான்."

"அதுக்குத்தான் கப்பல் இல்லியே மச்சான்."

இருவரும் மேடைக்கு வந்தார்கள். இடதுக்காரர் பலகைகளை நிறுத்தினார், கோடு போட்டார். வலதுக்காரர் நெருப்பைப் பற்றவைத்துக் குனிந்தார். கை நகரவில்லை. மெட்டு வரவில்லை. முப்பத்தொரு வருஷமாக யாரும் கேட்கவில்லை என்று நினைத்து முனகியது, ஒருவர் கேட்டுக்கொண்டே இருந்தார் என்று தெரிந்ததும் தொண்டையில் அடைத்துக்கொண்டது.

"என்னாச்சு?"

"தெரிஞ்சப்புறம் வர மாட்டேங்குது மச்சான்."

இடதுக்காரர் ஆபரேஷன் வயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குந்தினார். மெல்ல முனக ஆரம்பித்தார். அதே மெட்டு. வளைவில் கொஞ்சம் இழுப்பது, நடுவில் சுருதி விலகுவது, கோடு முடியும் இடத்தில் இவர் எப்போதும் தொண்டையைச் செருமுவது, அதுவரை ஒன்று விடாமல் இருந்தது. வலதுக்காரருக்குக் கண் மறைத்தது. துடைத்துக்கொண்டு, நெருப்பைக் கோட்டின் மேல் வைத்து நகர்த்தத் தொடங்கினார்.